மூன்று வாத்தியார்களுக்கு ஒரே மாணவி

பிரிட்டிஷ் படை சிங்கப்பூரை விட்டுக் கிளம்பப்போகிறது என்று செய்தி வந்ததும், படைத் தளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ஒரே யோசனைதான் வந்தது: கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. எங்கள் பஃபலோ ரோட்டில் யாரைக் கேட்டாலும் அந்த வாத்தியார் உரிமத்துக்குத் தயாராவதாகச் சொன்னார்கள். எல்லோரும் வாத்தியாராகிவிட்டால் கற்றுக்கொள்ள யார் மிச்சம்? என் வீட்டுக்காரருக்கும் அவருடைய இரண்டு நண்பர்களுக்கும் நான் இருந்தேன்.

நான் சும்மா சம்மதிக்கவில்லை. எங்கள் மாதா கோயில் பாலர் பள்ளியில் பிள்ளைகளை அழைத்துவர வேன் வாங்கியிருந்தார்கள். மாத முடிவுக்குள் லைசென்ஸ் எடுத்தால் வேலை உனக்குத்தான் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரருக்கு வேலை போகப்போகிற நேரம் அது.

மூன்றே வாரத்தில் வண்டி எனக்குக் கைவந்துவிட்டது. தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை புக்கிட் மேரா மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்பினேன்.

“என்ன அண்ணி இப்படிப் பண்றீங்க?” என்றார் பக்கத்தில் இருந்த நண்பர். “இன்னைக்கு என் முறை லா. என்ஜினை ஒரு தடவை நிக்க விடுங்க. அப்பத்தானே நான் திருத்த முடியும்?”

நிற்க விட்டேன். கிளச்சைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். இன்னொரு நண்பருக்கு நான் கியர் மாற்றத் திணற வேண்டுமாம். என் வீட்டுக்காரருக்கு நான் பயப்பட வேண்டுமாம்.

“டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்துடட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“உனக்கு லைசென்ஸ் வந்துட்டா நாங்க யாரை வச்சுப் பழகுறது? முதல்ல நாங்க மூணு பேரும் வாத்தியார் டெஸ்ட்ல பாஸ் பண்ணிடுறோம்” என்றார் வீட்டுக்காரர் பின்னாலிருந்து.

“அதுக்குள்ள வேனுக்கு வேற ஆள் வந்துடும்.”

“வேன் எங்கே ஓடிடப் போவுது?”

நண்பர்கள் இருவரும் சிரித்தார்கள். நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைத்தான் போட்டு உருட்டினேன்.

மறு சனிக்கிழமை, “இடது பக்கம் திருப்பு” என்றார் வீட்டுக்காரர். நேரே விட்டேன்.

“ஏய், எங்கே போறே?”

லைசென்ஸ் அலுவலகத்தின் முன்னால், இரண்டு கார்களுக்கு நடுவில், பின்னோக்கி எடுத்து ஒரே தடவையில் நிறுத்தினேன். மூவருக்கும் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

கவுண்டரில் விண்ணப்பப் பாரம் கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அங்கிருந்த தமிழர் நிமிர்ந்து பார்த்தார்.

“நல்லா ஓட்டுவீங்களாம்மா? யார் சொல்லிக்கொடுத்தது?”

“நான்தான்” என்று எனக்குப் பின்னாலிருந்து மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இருப்பதிலேயே சீக்கிரமான நாளைக் கொடுக்கச் சொன்னேன்.