அக்கா கொடுத்துவிட்டுப் போன நூல்

"ரவ நேரம் புடிச்சிக்கடி, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று அக்கா நூலை என்னிடம் கொடுத்தபோது அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. திருக்கோவிலூரில், வறண்டு கிடந்த தென்பெண்ணை மணலில் நின்றிருந்தோம். ஆடி மாதக் காற்று. காத்தாடி (பட்டத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) பனைகளுக்கு மேலே சின்னதாகத் தெரிந்தது.

நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது அது. பழைய செய்தித்தாள், தென்னை ஈர்க்கு, சோற்றுப் பசை, அம்மாவின் கிழிந்த புடைவையில் வால். முடிச்சை எங்கே போட்டால் தலைகுத்தி விழாது என்பது அக்காவுக்குத் தெரியும். காற்று இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுத்து, தளரும்போது சுண்டினால் விறுவிறுவென்று மேலேறும். பள்ளிப் புத்தகத்தில் படித்ததாக ஒரு கதையும் சொல்வாள்: காத்தாடி சீனாவில் பிறந்ததாம், போர்க்காலத்தில் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சேதி சொல்ல அதைப் பறக்கவிட்டார்களாம். மற்ற வீட்டு அக்காமார்கள் தங்கைகளை விரட்டியடிப்பார்கள். என் அக்காவோ அந்த ஆடி முழுக்க, தினமும் சாயங்காலம் என்னை ஆற்றுக்குக் கூட்டிவந்தாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை என்று பெருமையாகத் திரிந்தேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தாலே காத்தாடி தெரியும். "அது மேல நிக்கிற வரைக்கும் நீங்க அங்கதான் கீறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்பாள் அம்மா.

அக்கா திரும்பி வரவில்லை. நூல் விரலை அறுத்தது. இறக்கினால் திட்டுவாளோ என்று பிடித்துக்கொண்டே நின்றேன். இருட்டத் தொடங்கியபோது அம்மாதான் வந்தாள்.

"எங்கடி அவ?"

"அக்கா தண்ணி குடிக்கப் போயிருக்குது."

அதற்குள் அவள் தனக்குப் பிடித்தவனோடு கள்ளக்குறிச்சி பஸ் ஏறி வெகுதூரம் போய்விட்டிருந்தாள். அந்த மாதம் முழுவதும் என்னை வைத்து அம்மாவின் கண்ணைப் பழக்கியிருக்கிறாள் என்பது எனக்குப் புரியச் சில நாட்கள் ஆயின.

அப்பா இறந்த பிறகுதான், பல வருடங்கள் கழித்து, பள்ளிக்கூடம் போகிற மகளோடு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கருமாதி முடிந்து உட்கார்ந்திருந்தபோது மகளுக்கு அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். "ஒங்க சித்தி மட்டும் காத்தாடிய எறக்கியிருந்தா, எங்கள பஸ் ஸ்டாண்டுலயே புடிச்சிருப்பாங்க."

"அப்புறம் நீ இன்னா பண்ண சித்தி?" என்றது குழந்தை.

அக்காவும் என்னையே பார்த்தாள். அவளுக்கும் அது தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மறுநாள்லருந்து அப்பா என்ன பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. படிக்க வச்சா நீயும் ஓடிடுவன்னாரு. நான் அப்போ அஞ்சாவது."

சிரிப்பு நின்றது. "நெசமாவாடி? எனக்கு யாரும் சொல்லலியே" என்று என் கையைப் பிடிக்க வந்தாள். யாரும் சொல்லவில்லைதான். அவளும் யாரையும் கேட்கவில்லை. குழந்தைக்குப் பசிக்கும் என்று சொல்லி எழுந்து போனேன்.

இப்போது பேசிக்கொள்கிறோம். ஆடியில் வந்தால் என் பிள்ளைகளுக்குக் காத்தாடி செய்து தருகிறாள். அன்றைக்குப் போலவே நேர்த்தியாகப் பறக்கிறது. அவளோடு அவர்களைத் தனியாக ஆற்றுக்கு மட்டும் நான் அனுப்புவதில்லை.