வாப்பாவின் நெஞ்சிலிருந்த கோடுகள்

வாப்பாவின் நுரையீரல் கட்டி பெரிய இரத்தக்குழாயோடு ஒட்டியிருந்தது. வெட்டி எடுக்க முடியாது என்று கொழும்பில் டொக்டர் கையை விரித்துவிட்டார். கிழமைக்கு ஒரு நாள் மருந்து ஏற்ற வேண்டும். அதோடு கிழமையில் ஐந்து நாள் கரண்ட் பிடிக்க வேண்டும். கதிர்ச் சிகிச்சையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். மருந்து கட்டியைப் பலவீனமாக்கும்போதே கதிரும் அதில் பட வேண்டும், ஆறு கிழமையும் இடையில் விடக்கூடாது என்று டொக்டர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். நான் வாப்பாவிடம் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை.

மிஷின் குறி தவறாமலிருக்க வாப்பாவின் நெஞ்சில் ஊதா மையால் கோடுகள் கீறினார்கள்.

"இத அழிச்சிப் போடாதீங்க வாப்பா" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் முழுக் கதையையும் சொல்ல வேண்டிவரும்.

மூன்றாவது கிழமை, வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. மிஷினுக்கும் லீவு. வியாழன் பின்னேரமே கொழும்பிலிருந்து தில்லையடி வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள் வாப்பா ஜும்மாத் தொழுகைக்குக் குளித்து, அத்தர் பூசி, வெள்ளைச் சாரனோடு பள்ளிக்குப் புறப்பட்டு நின்றார். சேட்டின் மேல் பொத்தான் திறந்திருந்தது. தேங்காய்த் தும்பால் தேய்த்த நெஞ்சு சிவந்து கிடந்தது. ஒரு கோடுகூட இல்லை.

திங்கட்கிழமை மிஷின் அறைக்காரர் தலையில் கை வைத்தார். திரும்பவும் அளந்துதான் கீற வேண்டும், அதற்கும் வரிசை இருக்கிறது, வியாழன் வாருங்கள் என்றார். அதுவரை மருந்தும் இல்லை. நாலு கோடுதானே, கீறிவிடுங்களேன் என்று தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். கண்மட்டத்துக்குக் கீறினால் கதிர் இதயத்தில் படும் என்றார். நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த வாப்பாவிடம் சனங்கள் பார்க்கப் பார்க்கக் கத்தினேன்.

"அழிக்க வேணாமெண்டு சொன்னேனா இல்லையா? ஏன் வாப்பா உரஞ்சினீங்க?"

"மை இருந்தாத் தோலுல தண்ணி படாது மகள். குளிப்பு கூடாது, தொழுகையும் சேராது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எனக்கு என்ன நோய் வருத்தமெண்டு எனக்குத் தெரியும். மிச்சமிருக்கிறது கொஞ்ச ஜும்மாதான். அதையாவது ஒழுங்காத் தொழ வேணும்."

மைக்கறையால் குளிப்பு கெடாது. எந்த மௌலவியிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கோடுகளே இன்னும் நாலு ஜும்மா கூடுதலாகக் கிடைக்கத்தான் என்பதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.