ராடு மாட்டும் நேரம்

ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி ஆபீஸில் போன் எடுப்பவளின் இரண்டு காதும் வாடிக்கையாளருக்குச் சொந்தம். கம்மல் மட்டும்தான் அவளுடையது. எனக்கு அந்த வேலை திருச்செங்கோட்டில். கணவர் வண்டியோடு வடக்கே போயிருக்கிறார். ஒன்றரை வயதுப் பாப்பா என் நாற்காலிக்குப் பின்னால் பாயில் விளையாடுவாள். சோற்றைப் பிசைந்த கையோடு போனை எடுத்து, சோற்றை மறந்துபோன சகோதரிகளே, இது உங்களுக்குத்தான்.

நல்ல நேரம்

ராசிபுரம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர். பத்தரைக்குள் பூஜை போட்டு ஓட்ட ஆரம்பிக்க வேண்டுமாம். காலை ஏழு மணியிலிருந்தே, "வண்டி எங்க வருதுங்க?" ஒன்பதாவது தடவை கூப்பிட்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு போனில் டிரைவர்: "அவரு ஊட்டு கேட்டுலதாங்க அரை மணி நேரமா நிக்கறேன். ஆரன் அடிச்சாலும் வரமாட்டேங்கறாரு, போனும் பிசி." அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, இதச் சொல்ல இம்புட்டு நேரமா? உங்ககூடப் பேசியே நல்ல நேரம் போச்சுங்க!"

சும்மா நிற்கும் வண்டி

துளை போடும் இரும்பு ராடு இருபது அடி இறங்கியதும் மெஷினை நிறுத்தி, அதன் தலையில் அடுத்த ராடை மாட்ட வேண்டும். மாட்டினால்தான் மேற்கொண்டு இறங்கும். ஆட்கள் தண்ணீர் குடிப்பதும் அந்த இரண்டு நிமிடத்தில்தான். குமாரபாளையத்துத் தறிப்பட்டறைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. "நொடிக்கொருக்கா நிறுத்திப்போட்டு நிக்கறாங்க. எந்தறி இப்படி நின்னா நான் சாப்புடறதெப்படிங்க?" மூன்று தடவை விளக்கினேன்.

"அப்படின்னா ராடு மாட்டாம ஓட்டற வண்டியா ஒண்ணு அனுப்புங்க!"

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் படித்த கான்வென்ட்டில் பகல் பன்னிரண்டு மணி அடித்தால் அத்தனை பேரும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிடமும் வீணாகக் கூடாதென்று, கண்ணை மூடி நின்று மனசுக்குள் வாய்ப்பாடு ஒப்பித்தவள் நான்.

யாருக்கு எது

பாப்பா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒரு மாசம் பார்ப்போம். ஒரே ஒரு வார்த்தை வந்தாப் போதும். வரலைன்னா காது டெஸ்ட் எடுத்திடலாம்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து தூங்குகிற குழந்தையின் காதருகே சொடக்குப் போட்டுப் பார்க்கிறேன். அவள் திடுக்கிட்டு அழுதால் எனக்கு நிம்மதி. எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா?

பகலில் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேச்சுப் பயிற்சி. நான்காம் நாள் மேனேஜர் மணி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏஞ்சாமி, கஸ்டமர்கிட்ட 'அம்மா சொல்லு'ங்கற, கொழந்தகிட்ட 'லொகேஷன் அனுப்புங்க'ங்கற. ரெண்டுபேருமே முழிக்கறாங்க!"

எருமப்பட்டிக்காரர்

நேற்று எருமப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி. எத்தனை அடி, எத்தனை கேசிங் பைப் என்று கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார். "பின்னால யாருங்க கூப்புடறது?"

"அது வேற லைன் சத்தங்க, நீங்க சொல்லுங்க" என்றேன். ஒரு வாரமாகவே அந்தச் சத்தம் என் முதுகுப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"லைன் இல்லீங்க. கொழந்தைங்க. நான் பேச ஆரம்பிச்சதுலேருந்து 'அலோ, அலோ'ன்னு உங்களத்தான் கூப்புடுது. போயிப் பாருங்க, எம்பட காடு எங்கீம் ஓடிப்போகாது."

திரும்பினேன். பாப்பா சீப்பைக் காதில் வைத்துக்கொண்டு என் முதுகையே பார்த்து நின்றிருந்தாள். என் முகம் தெரிந்ததும் சீப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அலோ!"

போனை மேஜைமேல் வைத்துவிட்டு அவளை அள்ளிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மறுபடி எடுத்தபோது மனிதர் லைனிலேயே இருந்தார்.

"ராடு மாட்டியாச்சுங்களா?"

அடுத்த வாரம் டாக்டரிடம் போகும்போது, குழந்தை பேசுகிறாள் டாக்டர், டெஸ்ட் எடுக்க வேண்டியது என் காதுக்குத்தான் என்று சொல்வதாக இருக்கிறேன்.