ஆளுக்கு இரண்டு

ஆஸ்பத்திரியில் அவளைச் சர்வரக்கா என்பார்கள். பரிமாறுகிற சர்வர் இல்லை. நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கிற சர்வர் கம்ப்யூட்டரைப் பதினோரு வருஷமாகக் கட்டி மேய்ப்பவள். அது மக்கர் பண்ணினால் எல்லோரும் அவளைத்தான் முறைப்பார்கள், ஏதோ அவள் பெற்ற பிள்ளை மாதிரி.

அன்று அவளுக்கே அவசரம். இரண்டாம் மாடியில் படுத்திருந்தது அவள் நாத்தனார். மார்பில் இருந்த கட்டியின் ரிப்போர்ட் நான்கு மணிக்குள் வந்தால்தான் நாளைக்கு ஆபரேஷன் உண்டா இல்லையா என்று டாக்டர் சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

பரிசோதனைக்கூடம் அனுப்பும் ரிப்போர்ட்டுகளை, சர்வரின் பின்னணியில் ஓடும் எட்டு நிரல்கள் வாங்கி மெமரியில் வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக டாக்டரின் திரைக்கு அனுப்பும். எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு வரம்பு: இரண்டு ஜிபி. காலையில் கூட்டம் அதிகமாகி, 'இடமில்லை' என்று காட்டியது. அவள் வரம்பை நான்காக்கினாள். சர்வர் படுத்துவிட்டது. எழுப்பி, ஆறாக்கினாள். முன்னைவிடச் சீக்கிரமாகப் படுத்தது.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மெமரி மொத்தம் இருபத்து நான்கு ஜிபி. அதில் ஆறு கொடுத்தால் விழுவானேன்? கூட்டிப் பார்த்தாள், கழித்துப் பார்த்தாள். மூளை குழம்பியதுதான் மிச்சம். மறுபடி எழுப்பிவிட்டு, நாத்தனாரைப் பார்க்க மாடியேறினாள்.

அறையில் கால் வைக்க இடமில்லை. கட்டிலில், நாற்காலியில், ஜன்னலில் எல்லாம் தலையணை.

"என்னங்க இது, கடை போடப் போறீங்களா?"

"நீதானே ரெண்டு தலையணை கொண்டு வாங்கன்னு மெசேஜ் போட்டே?" என்றார் கணவர்.

"மொத்தமா ரெண்டுங்க!"

"மொத்தம்னு எங்கே போட்டே? வந்த நாலு பேரும் ஆளுக்கு ரெண்டு தூக்கிட்டு வந்துட்டோம்."

ஆளுக்கு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடினாள். அந்த வரம்பு மொத்தத்துக்கு இல்லை, ஆளுக்கு! எட்டு நிரலும் ஆளுக்கு நான்கு கேட்டால் முப்பத்திரண்டு. ஆறு கேட்டால் நாற்பத்தெட்டு. பாவம், சர்வர் எங்கே போகும்?

பழையபடி இரண்டாக்கினாள். வரிசை நகர்ந்தது. ஆனால் நாத்தனாரின் ரிப்போர்ட்டை மட்டும் காணோம். 'இடமில்லை' என்று திருப்பப்பட்டவற்றைப் பரிசோதனைக்கூடத்துக் கம்ப்யூட்டரே மறுபடி அனுப்பிவிட்டது. உள்ளே வாங்கி மெமரியில் வைத்தவைதான், சர்வர் விழுந்தபோது அழிந்துபோயின; இதுவும் அதில் ஒன்று. அவள் கையை வைக்காமல் இருந்திருந்தால் காலையிலேயே டாக்டருக்குப் போயிருக்கும்.

பரிசோதனைக்கூடத்துக்கு ஓடி, அழிந்தவற்றையெல்லாம் மறுபடி அனுப்பச் சொன்னாள். மணி மூன்று ஐம்பது.

அவள் மூச்சிரைக்க மாடிக்கு வந்தபோது டாக்டர் வெளியே வந்துகொண்டிருந்தார். வெறும் கொழுப்புக் கட்டியாம்; ஆபரேஷன் வேண்டாமாம்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலையிலேர்ந்து செத்துப் பொழச்சேன் அண்ணி. யாரு இவ்வளவு லேட் பண்ணினது?"

சர்வர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அது வாய் திறக்காது.

"நான்தான்டி" என்றாள்.

நாத்தனார் எட்டுத் தலையணையில் ஒன்றை எடுத்து அவள் மேல் வீசினாள்.