நரம்பு என்று சொல்லிவிட்டார்கள்

கோயமுத்தூரில் ராணுவத்துக்கு ஆள் எடுத்த அந்த வருஷம் எனக்கு இருபது வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிணத்துக்கடவுக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பை ஒட்டி எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். நான் பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு, எட்டு மாதம், தினமும் விடிவதற்கு முன்பே எழுந்து பொள்ளாச்சி ரோட்டில் ஓடினேன். ஆள் எடுப்பு அன்றைக்கு ஓட்டத்தில் முதல் கும்பலில் வந்தேன். கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். உயரம், மார்பு எல்லாம் சரி. மிச்சம் இருந்தது மருத்துவச் சோதனை மட்டும்.

ஜட்டியோடு ஒரு மர ஸ்டூல் மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். டாக்டர் வடக்கத்திக்காரர். என் பின்னால் வந்து குனிந்து, இடது கெண்டைக்காலில் இரண்டு இடத்தில் விரலால் அழுத்தினார். 'வெரிகோஸ்' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. மேசையில் எழுதிக்கொண்டிருந்த தமிழ் ஆள் தலையைத் தூக்காமலே சொன்னார்: "நரம்புக் கோளாறு. நீ போலாம் தம்பி."

"என்ன கோளாறுங்க? எனக்கு ஒண்ணுமே வலிக்கலீங்களே."

"அடுத்த ஆள் வா."

அவ்வளவுதான். எட்டு மாதத்தை ஒரு மூச்சில் முடித்துவிட்டார்கள். அது என்ன நோய், எதனால் வந்தது, சரி செய்ய முடியுமா, யாரிடம் போக வேண்டும், எதையும் சொல்லவில்லை. என்னை எடுக்காததுகூட அவர்கள் இஷ்டம் என்று விடலாம். கால் என்னுடையது அல்லவா? அதைப் பற்றி எனக்கு இரண்டு வாக்கியம் சொல்ல ஆளில்லையா? சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வெளியே நின்று என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே பச்சை நீலமாக ஒரு கயிறு வளைந்து வளைந்து இறங்கியது. ஓடுகிற காலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

என்னோடு வந்த பக்கத்துத் தெருப் பையன் எனக்கு முந்திய பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்திருந்தான். நான் இறங்கும்போது டீக்கடையில் விஷயம் தெரிந்திருந்தது. நரம்புக் கோளாறு என்று சொல்லியிருக்கிறான். அது டீக்கடைக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் நரம்புத் தளர்ச்சி ஆகிவிட்டது. இருபது வயதுப் பையனுக்கு நரம்புத் தளர்ச்சி என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் வேட்டியைச் சரி செய்துகொண்டு சிரித்தார்கள். காலில் என்று சொல்லிப் பார்த்தேன். "கால்லதான், கால்லதான்" என்று இன்னும் சிரித்தார்கள். கிளாஸைத் தூக்கிப் போட்டு உடைத்திருக்கலாம். செய்யவில்லை. அதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

என் தாய்மாமன் அடுத்த வாரமே வந்தார். அவருடைய பெண்ணை எனக்குக் கொடுப்பதாக ஒரு பேச்சு இருந்தது.

"மாப்ள, காந்திபுரத்துல ஒரு லாட்ஜுக்கு மாசம் ஒருக்கா ஒரு வைத்தியர் வாராரு. நரம்புக்கு அவரை உட்டா ஆளில்லையாம். வா, போயிட்டு வந்தர்லாம்."

அவருக்கு என் கால் மேல் அக்கறை இல்லை. வேறு ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. தெரிந்தும் போனேன். லாட்ஜ் அறையில் ஊதுபத்திப் புகை. வைத்தியர் என் காலைப் பார்க்கவே இல்லை. மாமனை உட்கார வைத்துக்கொண்டே என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. நான் பேன்ட்டைச் சுருட்டிக் கெண்டைக்காலைக் காட்டினேன்.

"தம்பி, கால்ல காட்டுது. வேர் வேற எடத்துல இருக்குது" என்றார்.

மாமன் எல்லாம் புரிந்தவர் போலத் தலையாட்டினார். ஒரு மண்டலத்துக்கு லேகியம் கட்டிக் கொடுத்தார்கள். ஊர் வந்து இறங்கியதும் மாமன் கண் முன்னாலேயே அதை வாய்க்காலில் எறிந்தேன். அவருடைய பெண்ணுக்கு அடுத்த தையில் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

கடைசியில் கோயமுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குத் தனியாகக் கிளம்பினேன். அம்மா, "நானும் வாரேன் சாமி" என்று கூடவே பஸ் ஏறிவிட்டாள். அறுவை சிகிச்சைப் பகுதியில் நீள வரிசை. பெஞ்சில் இடமில்லை. மூன்று மணி நேரம் அம்மா சுவரில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் ஐம்பது வயதுள்ள பெண்மணி. என்னைப் படுக்கச் சொல்லிக் காலைத் தூக்கிப் பிடித்தார். புடைப்பு எல்லாம் வடிந்து போனது. தொடையில் ஒரு ரப்பர் குழாயைக் கட்டி என்னை எழுந்து நிற்க வைத்தார். கால் சாதாரணமாக இருந்தது. குழாயை அவிழ்த்ததும் மேலேயிருந்து ரத்தம் இறங்கி அந்தக் கயிறு மறுபடி புடைத்தது. என் கண்ணால் பார்த்தேன்.

"யாருங்க தம்பி இதை நரம்புன்னு சொன்னது?"

"எல்லாருந்தானுங்க."

"நரம்பு வேற. இது ரத்தக் குழாய். காலுக்கு வந்த ரத்தம் திரும்ப நெஞ்சுக்கு ஏறோணும். நடக்கறப்ப கெண்டைச்சதை அமுக்கி மேல தள்ளும். ஏறினது கீழ எறங்காம இருக்கக் குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்குது. உங்களுக்குத் தொடைக்கு மேல இருக்கற கதவு மூடறதில்லை. அதனால ரத்தம் கீழயே தேங்கி, குழாய் வீங்கிச் சுருண்டுக்குது. ஆபரேஷன் பண்ணி அந்தக் குழாயை எடுத்துரலாம். உள்ளே ஆழத்துல வேற குழாய் இருக்குது, அது வேலையைப் பாத்துக்கும்."

இவ்வளவுதான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதைச் சொல்ல அதுவரை ஒருவருக்கும் வாய் வரவில்லை.

என் சீட்டில் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து அம்மாவின் காலைப் பார்த்தார். "அம்மணி, அந்தத் துணியை அவுத்துக் காட்டுங்க."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. பையனுக்குத்தானுங்க பாக்க வந்தோம்."

"அவுருங்க."

அம்மா குனிந்து வலது கணுக்காலில் சுற்றியிருந்த பழைய சேலைத் துணியை அவிழ்த்தாள். அந்தத் துணி எனக்குத் தெரியும். எப்போதும் அங்கே இருந்தது. அதன் கீழே என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கணுக்கால் சுற்றிலும் தோல் கரி பூசியது போலக் கறுத்து, தடித்து இருந்தது. உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதன் மேல் மஞ்சளும் தேங்காய் மட்டைச் சாம்பலும் அப்பியிருந்தது. இரண்டு காலிலும் என் காலில் இருந்ததைவிடப் பெரிய கயிறுகள்.

"எத்தனை வருஷமா?"

"இவன் ஏழாவது படிக்கறப்ப இருந்துங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. எட்டு மாதம் நான் ஓடப் போவதற்கு முன் கெண்டைக்காலில் தேய்க்க எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவள் அவள். குனிந்து என் காலை மட்டும் பார்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த லாட்ஜ்காரன் மேல், மைதானத்தில் எழுதிக்கொண்டிருந்தவன் மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் அந்த அறையில் என் மேல் திரும்பியது.

அம்மாவின் பாதத்தின் மேல்பக்கம் நாடி துடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, டாக்டர் கட்டுப் போடக் கற்றுக் கொடுத்தார். காலையில் எழுந்து கால் ஊன்றுவதற்கு முன்பே கட்ட வேண்டும். விரல் அடியில் ஆரம்பித்து முழங்கால் வரை, கீழே இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும். பகலில் இரண்டு மூன்று முறை காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் படுக்க வேண்டும். தேங்கின ரத்தம் வடியாமல் எந்த மருந்தைப் பூசினாலும் புண் ஆறாது என்றார்.

வீட்டில் தவிட்டு மூட்டை ஒன்றைப் போட்டு அம்மாவைக் காலை அதன் மேல் வைத்துப் படுக்கச் சொன்னேன். மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார்.

"பொம்பள பகல்ல கால மேல போட்டுட்டுப் படுத்தா ஊடு வெளங்குமாடா?"

அம்மா பதறி எழுந்தாள். அவள் தோளைப் பிடித்து மறுபடி படுக்க வைத்தேன். "எட்டு வருசமா அழுகின காலோட உங்களுக்குச் சோறு போட்டாங்க. அப்ப வெளங்குச்சுங்களா? அந்தக் காலை நீங்க ஒருக்காவாவது பாத்தீங்களா?"

"நீ பாத்தயாடா?" என்றார்.

நானும் பார்த்ததில்லை. அதனால்தான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அன்று அவரே சட்டியிலிருந்து போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்கு ஆபரேஷனுக்கு முறை வர மாதங்கள் ஆயின. முதுகில் ஊசி போட்டுக் குழாயை எடுத்தார்கள். மறுநாளே நடக்க வைத்தார்கள். அடுத்த முறை ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது வயது வரம்பைத் தாண்டி ஐந்து வாரம் ஆகியிருந்தது. கேட்டில் சான்றிதழைப் பார்த்து அங்கேயே திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு மட்டும் எனக்குக் கத்தத் தோன்றவில்லை. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் லேத் வேலைக்குச் சேர்ந்தேன்.

அம்மாவின் புண் ஐந்து மாதத்தில் மூடியது. அடுத்த நடவுக்குத் தோட்டத்துக்காரர் ஆள் அனுப்பியதும் நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கிவிட்டாள். ஒரு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி திறந்துகொண்டது. லீவு போட்டுவிட்டு நேராகத் தோட்டத்துக்காரர் வீட்டு வாசலுக்குப் போனேன்.

"இனி எங்கம்மாளை நடவுக்குக் கூப்பிடாதீங்க. உக்காந்து செய்யற வேலை இருந்தாக் குடுங்க, இல்லாட்டி வேண்டாமுங்க."

"உன்ற அம்மாவுக்கு உக்காத்தி வெச்சுச் சம்பளம் குடுக்கோணுமா?" என்று சிரித்தார்.

"இத்தன வருசம் நின்னாங்களே, அது போதுமுங்க."

அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் அந்த வாசலில் நின்று அப்படிப் பேசியதில்லை. அப்பாவுக்கும் சேர்த்து அங்கே வேலை போனது. அப்பா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு வேறு தோப்பில் காவலுக்குச் சேர்ந்தார். அம்மா சேற்றில் இறங்குவதை விட்டுவிட்டாள்.

புண் மறுபடி மூடியது. கறுப்பு போகவில்லை, போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு நான்தான் கட்டுப் போடுவேன். "ஏங்கண்ணு, என்ன கோவமோ, இந்த இறுக்கு இறுக்கிப்போட்ட. ரத்தம் எப்படி ஏறும்?" என்பாள். அவிழ்த்துவிட்டு, விரலடியிலிருந்து திரும்ப ஆரம்பிப்பேன்.