கைப்பிடி இல்லாத கதவு

லெப்பைக்குடிக்காட்டில் கேமரா மாட்ட வேண்டுமா, எலக்ட்ரானிக் பூட்டு போட வேண்டுமா, அஸ்லாமைத்தான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தம். ஆனால் மறுத்துப் பேச வராது. வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் "செஞ்சிரலாம்" என்பான். அந்த ஒரு வார்த்தைதான் அவனைக் கெடுத்தது என்பது என் கட்சி. இப்போதுதான் "முடியாது" என்று சொல்லப் பழகியிருக்கிறான். கொஞ்சம் முன்னாலேயே பழகியிருக்கலாம்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்குக் காவல் துபாயிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும்தான். போனில் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் ஆண்கள் அங்கே சாப்பிடவே உட்காருவார்கள். நைனா முகமதுவின் மகன் தவ்ஹீதும் அப்படித்தான். புது வீட்டின் கொல்லைக் கதவைச் செங்கல் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டான். வாசல் கதவுக்குப் பூட்டு போட வந்த அஸ்லாமிடம் ஷார்ஜாவிலிருந்து பேசினான்.

"கரண்டு போனாலும் சரி, மிஷின் கெட்டாலும் சரி, கதவு தொறக்கக் கூடாது. உள்பக்கம் கைப்பிடியும் வேணாம், நம்பர் அமுக்கித் தொறந்தாப் போதும். ஜன்னல் கண்ணாடிய ஒடச்சு, கைய விட்டுத் திருப்பிடுவானுங்க."

பழுதானால் திறந்துகொள்ளும் பூட்டும் உண்டு, இறுகி நிற்கும் பூட்டும் உண்டு. எதைப் போட்டாலும், உள்ளே இருப்பவர் கையால் திறக்க ஒரு வழி விட வேண்டும். அஸ்லாமுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் சொன்னான்: "செஞ்சிரலாம் மச்சான்."

போன ஐப்பசியில் ஒரு பகல், இடி விழுந்து பூட்டின் போர்டு கருகிப்போனது. மருமகள் நஜீமா பெரம்பலூர் போயிருந்தாள். வீட்டில் தனியாக இருந்த நைனா முகமது அஸ்லாமுக்குப் போன் போட்டார்.

"தம்பி, நெஞ்ச அடைக்குது. கதவு தொறக்கல. வெரசா வா."

அஸ்லாம் ஓடினான். தெருவே கடப்பாறையோடு கூடியது. தேக்குக் கதவு அசையவில்லை. ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. அதில் வந்த பெண் ஜன்னல் கம்பி வழியாக மாத்திரை கொடுத்தாள். அவர் அதை நாக்கின் கீழ் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்து, கைய இடிச்சுக்காதீங்க" என்றார். கதவு விழுந்தபோது அவர் இல்லை.

பூட்டு எவ்வளவு உறுதி பார்த்தாயா என்று வாசலிலேயே ஒருவர் வியந்தார்.

அடக்கம் முடிந்த பிறகுதான் தவ்ஹீத் வந்து சேர்ந்தான். அவன் சண்டைக்கு வருவான் என்று பயந்திருந்தோம். அவனோ அஸ்லாமைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"ஒன் மேல தப்பு இல்ல அஸ்லாமு. நான் சொன்னதத்தான நீ செஞ்ச."

அஸ்லாம் விலகி நின்றான்.

"அன்னிக்கு நம்ம பேசிக்கிட்டிருந்தப்ப மாமா பக்கத்துலதான் இருந்தாரு மச்சான். எனக்கு டீ போட்டுக் குடுத்தாரு. அந்த வூட்டுல இருக்கப்போறவரு அவரு. அவர்ட்ட நம்ம ரெண்டு பேருமே ஒரு வார்த்த கேக்கல."