குக்கர் அக்காவின் முப்பத்தெட்டு நிமிடங்கள்

கதவைச் சாத்தி, பிடியைத் திருகி, பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே ‘டக்’ என்று பூட்டு விழ வேண்டும். விழுந்துவிட்டது. இனி முப்பத்தெட்டு நிமிடத்துக்கு அந்தக் கதவை யாராலும் திறக்க முடியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் நீல அட்டை நோட்டை வைத்து, நேற்று நிறுத்திய இடத்திலிருந்து எழுதத் தொடங்குகிறாள். நேற்று அவன் அவளுடைய முதுகு வரைக்கும் வந்திருந்தான்.

பல் மருத்துவமனையின் பின்கட்டில், கைகழுவும் தொட்டிக்கும் அலமாரிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம்தான் அவளுடைய ராஜ்ஜியம். பல் பிடுங்கும் கொறடு, ஊசி, சின்னக் கண்ணாடி எல்லாம் வாயிலிருந்து நேரே அவளிடம்தான் வரும். தேய்த்துக் கழுவி, காகித உறையில் போட்டு ஒட்டி, ஆவியில் வேகவைத்துக் கொடுப்பது அவள் வேலை. இயந்திரத்துக்கு எல்லோரும் வைத்த பெயர் குக்கர். ஆகவே அவள் குக்கர் அக்கா. ஒரு முறை வைத்து இறக்குவதற்கு ஓர் ஈடு என்பது அவள் கணக்கு. ஒரு நாளைக்கு மூன்று ஈடு. அதில் இரண்டாவது ஈடு அவளுடையது. அந்த நேரத்தில் அக்கா எழுதுவது காமக் கதை.

இதைச் சொன்னதும் நீங்கள் வேறு மாதிரி ஒரு பெண்மணியைக் கற்பனை செய்திருந்தால் அதை அழித்துவிடுங்கள். அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். மகள் கல்லூரியில் கடைசி வருடம். அக்காவுக்கு இடது முழங்கால் வலி, இரண்டு கண்ணிலும் வெள்ளெழுத்து. சினிமாவில் முத்தக் காட்சி வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிற ரகம்.

ஆரம்பித்து வைத்தது ரிசப்ஷன் பெண்தான். ஒரு மதியச் சாப்பாட்டில், போனில் ஏதோ ஒரு கதையைச் சத்தமாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது நாயகியைச் சமையல் மேடைமேல் தூக்கி உட்காரவைத்து நாயகன் என்னென்னவோ செய்கிறான். அக்கா வாயில் வைத்த கவளத்தை விழுங்கிவிட்டு, “அந்த மேடையில அரை மணி நேரம் உக்காந்தா இடுப்பு புடிச்சுக்கும்டி. ஒரு தடவையாவது ‘ஐயோ’ன்னு சொன்னாளா அவ?” என்று கேட்டாள்.

“அப்ப நீங்களே எழுதுங்கக்கா, இடுப்பு வலியோட,” என்றது பெண்.

அவள் அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். அக்காவுக்கு மறக்கவில்லை.

முதல் நாள் முப்பத்தெட்டு நிமிடத்தில் எழுதியது ஒரே வரி: ‘அவள் கதவைச் சாத்தினாள்.’ மறுநாள் உட்கார்ந்ததும் பயம் வந்துவிட்டது. கதையில் சாத்திய கதவைத் திறந்துவிட்டாள். பாவம், அந்த இருவரும் கட்டில் வரைக்கும் வந்து சேர அக்காவுக்குப் பதினோரு ஈடு ஆயிற்று. வந்த பிறகாவது ஆனதா? ஜன்னல் திரை ஆடியது என்று எழுதினாள். விளக்கு மினுங்கியது என்று எழுதினாள். மழையைக்கூட ஒரு முறை பெய்யவைத்தாள். தலையில் அடித்துக்கொண்டு தனக்குத் தானே சொன்னாள்: “திரையவே பாத்துட்டிருந்தா உள்ள நடக்குறத யாருடி எழுதுவா?”

பிறகுதான் சட்டம் போட்டுக்கொண்டாள். பூட்டு விழுந்ததும் பேனா எடுக்க வேண்டும். மணி அடிக்கும்வரை வைக்கக் கூடாது. எழுதியதை அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, முந்தின பக்கத்தைப் புரட்டக் கூடாது. ஓர் ஈட்டுக்கு ஒரு பக்கம். வார்த்தை வராவிட்டால், கை என்ன செய்கிறது என்று மட்டும் எழுதினால் போதும். காய்ச்சல் அடித்த நாளிலும் எழுதினாள். வீட்டுக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் கதைக்குள் இருந்தவனைக் கொஞ்சம் காக்கவைத்து எழுதினாள். ஆனால் எழுதினாள்.

எழுத எழுதத்தான் பிடிபட்டது. ‘அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அவன் முகம் மங்கியது. மங்கியதும் அவளுக்குத் தைரியம் வந்தது.’ இதை எழுதிய அன்று அக்கா காது சிவந்து எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள். ‘அவன் விரல் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கியது. பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி மேலிருந்து ஆரம்பித்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.’ ஒரு வருடத்தில் ஏழு கதைகள். எதிலும் யாருக்கும் இருபத்திரண்டு வயது இல்லை. ஒன்றில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கிற இடம் வருகிறது. அவ்வளவு பரிவோடு யாரும் யாருக்கும் தலையணை வைத்திருக்க மாட்டார்கள்.

சந்தோஷம் என்னவோ முப்பத்தெட்டு நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் யார் கண்ணில் பட்டுவிடுமோ என்ற கணக்குதான்.

நாயகனுக்கு மீசை வைத்தால் வீட்டுக்காரரைப் பற்றி எழுதிவிட்டாள் என்பார்கள். எடுத்துவிட்டால், “யாரு அந்த மீசை இல்லாதவன்?” என்று வீட்டுக்காரரே கேட்பார். ஆகவே ஏழு கதையிலும் நாயகன் நான்கு நாள் சவரம் செய்யாமல் அலைகிறான். போனில் எழுதலாம் என்றால் மகள் எந்நேரமும் அதைப் பிடுங்குவாள். அதனால் இருப்பது இந்த ஒரே நோட்டுதான்; படியும் கிடையாது, நகலும் கிடையாது. மருத்துவமனையில் ஒவ்வோர் ஈட்டுக்கும் நேரம், சூடு, அழுத்தம் எழுதிவைக்கிற பதிவேடும் இதே நீல அட்டை, இதே பருமன். தெரிந்தேதான் அக்கா ஒரே மாதிரி எடுத்தாள். போதாததற்கு முதல் இரண்டு பக்கத்தில் கட்டம் போட்டு, எண்கள் எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதியும் ஈட்டு எண்ணும் போட்டிருந்தாள். யாராவது எட்டிப் பார்த்தாலும் வேலை நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

சாலையைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு கவலை. வண்டி ஏதாவது அடித்துப் போட்டால், பையை முதலில் திறப்பது யார்? அட்டையில் ‘படிக்காமல் எரிக்கவும்’ என்று எழுதிவைக்க நினைத்தாள். அப்படி எழுதியிருந்தால் தானே முதல் ஆளாகப் படிப்பேன் என்று தோன்றியதும் விட்டுவிட்டாள். சாவதற்குப் பயமில்லை, செத்த பிறகு இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் பயம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் சுகாதார அதிகாரி சோதனைக்கு வந்தார். இரண்டாவது ஈடு ஓடிக்கொண்டிருந்தது. எட்டாவது கதையில் இருவரும் சண்டைக்குப் பிறகு பேசாமல் படுத்திருந்தார்கள். அவள் கால் விரல் அவன் காலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. ரிசப்ஷன் பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, “அக்கா, செக்கிங்! ரெஜிஸ்டர் கேக்குறாங்க, குடுங்க குடுங்க,” என்று கையை நீட்டினாள். அக்கா மடியிலிருந்ததை மூடினாள். மேஜைமேல் இருந்த பதிவேட்டை அதன்மேல் வைத்தாள். பதற்றத்தில் இரண்டையும் தூக்கித் திருப்பி, ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வருடமாக ஒளித்து ஒளித்து வைத்த அதே கைதான் எடுத்துக் கொடுத்தது.

இருபதாவது நிமிடம், விட்ட இடத்திலிருந்து எழுத நோட்டைத் திறந்தபோது உள்ளே வெறும் எண்களாக இருந்தன. முதல் பக்கம், இரண்டாம் பக்கம், கடைசிப் பக்கம், எங்கும் எண்கள். அப்படியானால் போயிருப்பது கதை நோட்டு.

பின்கட்டுக் கதவின் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். டாக்டரம்மாவின் அறை தெரிந்தது. அதிகாரி பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பதிவேட்டை யாரும் அவ்வளவு நிதானமாகப் புரட்ட மாட்டார்கள். பிறகு நோட்டை மேஜையின் குறுக்கே டாக்டரம்மாவிடம் தள்ளினார். டாக்டரம்மா ஒரு பக்கம் படித்தாள். அடுத்த பக்கத்தையும் படித்தாள். பதினாறு வருடச் சம்பளம், பதினாறு வருட மரியாதை, ‘அக்கா’ என்ற அந்த ஒரு சொல், எல்லாம் போயிற்று என்று அக்கா முடிவுகட்டினாள். இயந்திரம் உஸ்ஸென்று ஆவியை விட்டது. அவள் சுவரைப் பார்த்து மெல்லச் சொல்லிப் பழகினாள்: “எனக்குத் தெரியாது டாக்டர். யாரோடதோ.” இன்னொரு முறை, குரல் நடுங்காமல். மூன்றாவது முறை அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மணி அடித்தது. கனத்த ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு குக்கரின் கதவைத் திறக்கப் போனவள், பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முன்னால் டாக்டரம்மா, பின்னால் அதிகாரி, அதற்கும் பின்னால் ரிசப்ஷன் பெண். மூன்று பேருக்கு அந்த இடமே போதவில்லை.

“ரெஜிஸ்டர் இங்கதான் சார் இருக்கு. மாறிப்போச்சு,” என்று டாக்டரம்மா மேஜையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அதிகாரி அதை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். தேதிகள், எண்கள், அந்த நோட்டில் இருந்த அதே சாய்வான கையெழுத்து. மேலே சுழலாத மின்விசிறியைப் பார்த்தார்.

டாக்டரம்மா மற்ற நோட்டைத் தூக்கிக் காட்டினாள். அக்காவைவிடப் பத்து வயது சின்னவள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “இத யாரோ பேஷண்ட் விட்டுட்டுப் போயிருக்காங்க போலக்கா. ரிசப்ஷன்ல கலந்துபோயிருக்கும். அப்படித்தானே?”

அக்கா வாயைத் திறந்தாள். பழகிவைத்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

“நமக்கெதுக்கு, போட்டுடறேன்,” என்று டாக்டரம்மா மூலையில் இருந்த குப்பைத் தொட்டியைக் காலால் மிதித்தாள். மூடி திறந்துகொண்டது. உள்ளே ரத்தப் பஞ்சும் பிய்த்த உறைகளும் கிடந்தன. சாயங்காலம் அந்தப் பையைக் கட்டி எடுத்துப் போனால் நேரே எரிக்கிற உலைதான். எல்லோரும் அக்காவைக் காப்பாற்றக் காத்துக்கொண்டிருந்தார்கள். தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். நாளைக்கும் அவள் குக்கர் அக்காதான், யாரும் எதையும் படிக்கவில்லை.

ரிசப்ஷன் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியின் வாய்க்கு மேலே நீல அட்டை கொஞ்சம் தாழ்ந்தது.

அக்கா வலது கையுறையை விரல் விரலாக உருவினாள். வியர்வையில் ஊறி வெளுத்திருந்த வெறுங்கையை டாக்டரம்மாவுக்கு முன்னால் நீட்டினாள்.